தாம்பரம் சானடோரியம் முதல் பைலேட்ஸ் வரை: ஓய்வும் பயிற்சியும்

நோயுற்ற உடலுக்கு வேண்டியது ஓய்வா, பயிற்சியா என்ற கேள்வி மருத்துவத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டது. அந்த விவாதத்தின் வரலாற்றில் சென்னைக்கும் அதன் தென்புறநகரான தாம்பரத்துக்கும் இடமுண்டு. 1928-ல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட காசநோய் சானடோரியம் தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றை மருந்தாகக் கருதிய காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜோசப் பைலேட்ஸ் மூச்சையும் அசைவையும் இணைத்த ஒரு பயிற்சிமுறையை நியூயார்க்கில் கற்பிக்கத் தொடங்கினார். இன்று அது பைலேட்ஸ் என்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் கேள்விக்கு இருவேறு இடங்களில் எழுந்த விடைகள். ஓய்வால் நோய் தீரும் என்ற நம்பிக்கை சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வால் தளர்ந்தது. முறையான பயிற்சியின் மதிப்பு பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவானது. பைலேட்ஸ் பயிற்சியைத் தொடர்ந்து செய்வதால் எதைப் பெறலாம், எதைப் பெற முடியாது என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது.

சானடோரியங்களின் தோற்றம்

காசநோய்க்கு மருந்து இல்லாத 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சானடோரியங்கள் தோன்றின. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850-களில் சைலீசியாவின் கோர்பெர்ஸ்டோர்ஃப் என்ற மலைக்கிராமத்தில் சிகிச்சை நிலையம் ஒன்றை உருவாக்கினார். அங்கே நோயாளிகள் மலைப்பாதைகளில் அளவோடு நடக்க வைக்கப்பட்டனர். பிரேமரிடம் நோயாளியாக வந்து பின்னர் மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் டெட்வைலர் இதற்கு மாறான வழியைத் தேர்ந்தார். 1876-ல் ஃபால்கென்ஸ்டைன் சானடோரியத்தின் பொறுப்பேற்ற அவர், நோயாளிகளைத் திறந்த தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலிகளில் மணிக்கணக்கில் படுக்க வைத்தார். ஓய்வுச் சிகிச்சை என்று பெயர்பெற்ற இந்த முறையே ஐரோப்பாவில் பெரிதும் பரவியது.

இங்கிலாந்தில் இதற்கு எதிர்வினையாக ஒரு முயற்சி நடந்தது. ஃப்ரிம்லி சானடோரியத்தின் மருத்துவர் மார்க்கஸ் பேட்டர்சன், 1905 முதல் நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கடினமாகும் வேலைகளைக் கொடுத்தார். முதலில் சிறு நடை, பின்னர் கூடை சுமத்தல், அதன்பின் மண்வெட்டி வேலை என்று அது உயர்ந்தது. சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் என்ற இந்தக் கொள்கை இன்றைய உடற்பயிற்சி அறிவியலின் அடிப்படைகளில் ஒன்று. ஆனால் ஓய்வாலோ உழைப்பாலோ காசநோய்க் கிருமியை அழிக்க முடியவில்லை. நோயாளிகளில் சிலர் தேறினர், பலர் இறந்தனர்.

சௌரி முத்துவும் தாம்பரமும்

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று அங்கேயே காசநோய் மருத்துவராகப் பணியாற்றிய தமிழர். சாமர்செட்டின் வெல்ஸ் நகருக்கு அருகே மெண்டிப் மலைப்பகுதியில் ஹில் குரோவ் என்ற திறந்தவெளிச் சானடோரியத்தை நடத்தினார். திறந்தவெளிச் சிகிச்சையில் தனக்கிருந்த இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து நுரையீரல் காசநோய் பற்றி ஒரு நூலை 1922-ல் வெளியிட்டார். இந்திய மருத்துவத்தின் தொன்மை பற்றியும் எழுதினார்.

கணிதமேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் சௌரி முத்துவும் பயணம் செய்தார். 1917-ல் நோயுற்ற ராமானுஜன் ஹில் குரோவில் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார். பின்னர் டெர்பிஷயரின் மாட்லாக் சானடோரியத்துக்கு மாறினார். 1919-ல் இந்தியா திரும்பி, 26 ஏப்ரல் 1920 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கும் அமீபியாசிஸ் நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் வாதிட்டார். நோயைச் சரியாக அறியும் கருவிகளும் குணப்படுத்தும் மருந்துகளும் இல்லாத காலத்தில் குளிர்காற்றும் ஓய்வும் எல்லோருக்கும் பொதுவான சிகிச்சையாக இருந்தன என்பதற்கு ராமானுஜனின் வாழ்க்கை ஒரு சான்று.

சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் பச்சைமலை அருகே 12 படுக்கைகளுடன் ஒரு தனியார் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்றைய தாம்பரம் நகர நெரிசலிலிருந்து விலகிய, குன்றும் மரங்களும் சூழ்ந்த ஊர். 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டில் சானடோரியத்தை அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களுக்குப் பின் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான முக்கியச் சிகிச்சை மையமாகவும் அது வளர்ந்தது. 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்தப் பழைய மருத்துவமுறையின் நினைவு எஞ்சியுள்ளது.

ஜோசப் பைலேட்ஸ்

ஜோசப் ஹூபர்ட்டஸ் பைலேட்ஸ் ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக் நகரில் 1883-ல் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், வாதக்காய்ச்சல் ஆகியவற்றால் அவதிப்பட்டார். தன் உடலைத் தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை முதலியவற்றைக் கற்றார். 1912-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குச் சென்றார். சௌரி முத்து ஹில் குரோவில் நோயாளிகளைப் பார்த்துவந்த அதே ஆண்டுகள் அவை.

முதல் உலகப்போர் தொடங்கியதும் இங்கிலாந்திலிருந்த ஜெர்மானியர்கள் அடைத்துவைக்கப்பட்டனர். பைலேட்ஸ் ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமுக்கு அனுப்பப்பட்டார். 20,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்ட பெருமுகாம் அது. குறுகிய இடம், வேலையின்மை, நோய் ஆகியவற்றுக்கிடையே அவர் தன் பயிற்சிகளை வளர்த்தெடுத்தார். படுக்கையின் சுருள்வில்களைக் கட்டி நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தார் என்றும், அவரிடம் பயின்றவர்கள் எவரும் 1918-ன் இன்ஃபுளுவென்சாவில் இறக்கவில்லை என்றும் கதைகள் உண்டு. முதல் கதை அவர் பின்னாளில் செய்த சுருள்வில் கருவிகளுக்கு விளக்கமாகச் சொல்லப்படுவது. இரண்டாவது கதைக்கு ஆவணச் சான்று இல்லை. உடற்பயிற்சி கொள்ளைநோயைத் தடுத்தது என்று அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

1920-களின் நடுவில் அமெரிக்கா சென்ற பைலேட்ஸ், மனைவி கிளாராவுடன் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். காயமுற்ற நடனக் கலைஞர்கள் அவரை நாடி வந்தனர். ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரஹாம் போன்றோரின் நடன உலகில் அவர் பெயர் பரவியது. தன் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கான்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. 1945-ல் வெளியான அவருடைய நூலில் பாயில் செய்யும் 34 பயிற்சிகள் விளக்கப்பட்டன. 1967-ல் அவர் மறைந்தார். பைலேட்ஸ் என்பது ஒரு தனி நிறுவனத்தின் வணிகப்பெயர் அல்ல, ஒரு பயிற்சிமுறையின் பொதுப்பெயர் என்று 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் உலகெங்கும் பைலேட்ஸ் பயிற்சிக்கூடங்கள் பெருகின.

சென்னையின் பயிற்சி மரபுகள்

பைலேட்ஸ் அறிமுகமாவதற்கு நெடுங்காலம் முன்பே சென்னையில் உடற்பயிற்சிக்கு நிறுவன வடிவம் இருந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியாகக் கருதப்படும் இது பின்னர் தென்சென்னையில் நந்தனத்தில் நிலைபெற்றது. தமிழகப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் என்ற பணி உருவாவதில் இக்கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்னொரு மரபு யோகம். மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1930-களில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். 1989-ல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்துச் செய்வதும், ஆசனங்களைப் படிப்படியான வரிசையில் அமைப்பதும் அவர் கற்பித்தலின் அடிப்படைகள். பொறியியல் படித்த அவர் மகன் டி. கே. வி. தேசிகாச்சார் 1976-ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தை நிறுவினார். பயிற்சிக்கு ஆளைப் பொருத்தாமல் ஆளுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் வர்மம், தொக்கணம் ஆகியவற்றோடு யோகமும் சிறப்பு மருத்துவத்தின் பகுதியாக உள்ளது.

மூச்சுக்கேற்ற அசைவு, படிப்படியான வரிசை, கவனம் ஆகியவற்றில் பைலேட்ஸும் கிருஷ்ணமாச்சாரியாரின் முறையும் நெருங்கி வருகின்றன. வேறுபாடும் உண்டு. யோகத்தில் ஆசனம் ஒரு பகுதி மட்டுமே. பிராணாயாமமும் தியானமும் அதன் அங்கங்கள். பைலேட்ஸின் நோக்கம் உடலசைவை ஒழுங்குபடுத்துவது. யோகாசனத்தில் ஒரு நிலையில் நிலைத்திருப்பதற்கு முக்கியத்துவம் உண்டு. பைலேட்ஸில் பெரும்பாலும் உடல்நடு அசையாமல் இருக்க, கைகால்கள் மீண்டும் மீண்டும் அசைகின்றன.

சென்னை ஆய்வும் ஓய்வுச் சிகிச்சையின் முடிவும்

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும், 1952-ல் ஐசோனயாசிடும் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தன. நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடைத்துவிட்டது. அதன் பிறகும் சானடோரியம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவில் காசநோயாளிகளின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் இருந்தது. அத்தனை பேருக்கும் படுக்கை அமைப்பது அரசால் இயலாதது.

இதற்கு விடைகாண 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்லுணவோடும் ஓராண்டு தங்கினர். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே.

1959-ல் முடிவுகள் வெளிவந்தன. வீட்டிலிருந்தவர்கள் குறைவாக ஓய்வெடுத்தனர், குறைவாக உண்டனர். பலர் வேலைக்கும் சென்றனர். ஆனாலும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். நோயைத் தீர்த்தது மருந்துதான், ஓய்வு அல்ல என்று தெளிவானது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாறுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் இயங்கும் அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என அழைக்கப்படுகிறது.

இந்த ஆய்வை உடற்பயிற்சிக்குக் கிடைத்த வெற்றியாகவும் கொள்ள முடியாது. பயிற்சி அங்கே சோதிக்கப்படவில்லை. ஒரு சிகிச்சையின் பயனை நம்பிக்கையால் அல்லாமல் ஒப்பீட்டால் அறிய வேண்டும் என்பதே அதன் பாடம். அதே அளவுகோலைப் பைலேட்ஸுக்கும் பொருத்த வேண்டியுள்ளது.

படுக்கை செய்யும் தீங்கு

ஓய்வு பயனற்றது மட்டுமல்ல, நீண்டால் தீங்கானது என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பின்னர் அளிக்கப்பட்ட பயிற்சியால் இழந்த திறன் மீண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த இழப்பைவிட மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பு அதிகம் என்று தெரிந்தது.

முதுகுவலிக்கும் நெடுங்காலம் படுக்கை ஓய்வே பரிந்துரைக்கப்பட்டது. 1995-ல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வில், திடீர் முதுகுவலி வந்தபோது படுக்கையில் இருந்தவர்களைவிட வலி அனுமதித்த அளவில் வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறினர். அந்த ஆரம்ப நாட்களில் தனிப் பயிற்சி செய்தவர்களும் வழக்கமாக இயங்கியவர்களைவிட மேம்படவில்லை. வலி வந்த உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டியதில்லை, ஆனால் முடங்கிக் கிடக்கவும் கூடாது என்பது இதன் பொருள்.

அமர்ந்திருக்கும் புறநகர்

தாம்பரத்தைச் சுற்றிய பகுதிகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் மாறின. 1984-ல் சானடோரியத்தை ஒட்டி மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் எழுந்தன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. வயலிலும் ஏரிக்கரையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். அலுவலகத்துக்குப் போய்வரும் பயணமும் பெரும்பாலும் அமர்ந்தோ நெரிசலில் நின்றோ கழிகிறது.

அமர்ந்து செய்யும் வேலையின் தீமை முதலில் பேருந்துகளில் கண்டறியப்பட்டது. லண்டனின் இரட்டையடுக்குப் பேருந்துகளில் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகமாகவும், நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவாகவும் இருந்ததை ஜெரி மாரிஸ் 1953-ல் வெளியிட்டார். சானடோரியத்தில் நோயாளிகளுக்கு விதிக்கப்பட்ட அசைவின்மை, இன்று நோயில்லாதவர்களின் அன்றாடமாகிவிட்டது. கழுத்துவலி, இடுப்புவலி, நீரிழிவு ஆகியவை அதனோடு சேர்ந்து வருகின்றன.

பைலேட்ஸ் செயல்படும் விதம்

பைலேட்ஸில் உடலின் நடுப்பகுதியே மையம். வயிற்றைச் சுற்றிக் கச்சைபோல் அமைந்த ஆழ்தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகள், கீழே இடுப்புத்தளத் தசைகள், மேலே உதரவிதானம் ஆகியவை சேர்ந்து முதுகெலும்புக்குத் தாங்கலாகின்றன. நீண்டநேரம் அமர்ந்திருப்பவர்களிடம் இத்தசைகள் பயன்பாடு குறைந்து வலுவிழக்கின்றன. இவற்றை இயக்கிக்கொண்டே கைகால்களை அசைக்கப் பழக்குவது பைலேட்ஸ்.

மூச்சு, கவனம், கட்டுப்பாடு, மையம், துல்லியம், ஓட்டம் என்ற ஆறு கொள்கைகளைப் பின்வந்த ஆசிரியர்கள் 1980-ல் வகுத்துச் சொன்னார்கள். 'நூறு' என்ற முதல் பயிற்சி இதற்கு எடுத்துக்காட்டு. மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் உயர்த்தி, நீட்டிய கைகளைச் சிறிதாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை உள்ளிழுத்து, ஐந்து அசைவுக்கு வெளிவிட வேண்டும். இவ்வாறு பத்து முறை செய்தால் நூறு அசைவுகள். புதியவர்கள் முழங்காலை மடக்கியோ தலையைத் தரையில் வைத்தோ தொடங்கலாம். பாய் ஒன்று போதும். சுருள்வில்கள் பூட்டிய 'ரிஃபார்மர்' போன்ற கருவிகள் தசைக்கு எதிர்ப்பைக் கூட்டவும், வலுவில்லாதவரைத் தாங்கவும் பயன்படுகின்றன.

பயன்கள்

பைலேட்ஸ் பற்றி மிகுதியாக ஆராயப்பட்டது நாட்பட்ட இடுப்புவலி. உலகில் 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. 2015-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்தது. எதுவும் செய்யாமல் இருப்பதையோ மிகக்குறைந்த சிகிச்சையையோவிட பைலேட்ஸ் வலியையும் இயலாமையையும் குறைக்கிறது என்று கண்டது. பிற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. 2021-ல் 217 ஆய்வுகளை ஒப்பிட்ட மற்றொரு மதிப்பாய்வு, பைலேட்ஸ், மெக்கன்சி முறை போன்றவை வேறு சில பயிற்சிகளைவிடக் கூடுதல் பயன் தந்ததாகக் கூறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாட்பட்ட இடுப்புவலிக்குப் பைலேட்ஸ் நல்ல தேர்வுகளில் ஒன்று என்று சொல்லலாம்.

முதியோரின் உடற்சமநிலைக்கும் இது உதவுகிறது. ஒற்றைக்காலில் நிற்பதும், உடலைச் சாய்த்து மீள்வதும், இடுப்பைக் கட்டுப்படுத்தி எழுவதும் விழாமல் நடக்கத் தேவையான திறன்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, வலு ஆகியவற்றுக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. வயதுவந்தோர் வாரத்தில் இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதையும் பைலேட்ஸ் ஓரளவு நிறைவேற்றும்.

நுரையீரல் நோயாளிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காசநோய் மருந்தால் குணமான பிறகும் சிலருக்கு நுரையீரலில் வடு எஞ்சி மூச்சிரைப்பு நீடிக்கிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நடையும் தசைப்பயிற்சியும் அடங்கிய மறுவாழ்வுத் திட்டம் மூச்சிரைப்பைக் குறைத்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதை 65 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ம் ஆண்டு மதிப்பாய்வு உறுதிசெய்தது. நுரையீரலின் சேதம் அப்படியே இருந்தாலும் கால்தசைகள் வலுப்பெறுவதால் அதே மூச்சில் கூடுதல் தூரம் நடக்க முடிகிறது. பேட்டர்சன் கூடையும் மண்வெட்டியும் கொடுத்துச் செய்ய முயன்றதற்கு இது உரிய இடம். கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை. கிருமி போனபின் உடலை மீட்பது பயிற்சியின் வேலை.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

பைலேட்ஸ் இதயத்துக்குப் போதிய பயிற்சி அல்ல. பெரும்பாலான பாய்ப் பயிற்சிகள் நாடித்துடிப்பை அதிகம் உயர்த்துவதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்ற பரிந்துரைக்கு நடையோ, மிதிவண்டியோ, நீச்சலோ உடன் தேவை. உடல் எடையைக் குறைக்கவும் இதை மட்டும் நம்ப முடியாது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். முதுகெலும்பை முன்னோக்கி வளைத்துச் சுருட்டும் அசைவுகள் பைலேட்ஸில் அதிகம். எலும்புப்புரை உள்ள 59 பெண்களிடம் செய்யப்பட்டு 1984-ல் வெளியான ஆய்வில், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கே புதிய முறிவுகள் ஏற்பட்டன. முன்வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 89 விழுக்காடாக இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களும் முதியோரும் எலும்பின் நிலையை மருத்துவரிடம் அறிந்தபின் தொடங்குவது நல்லது. கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், காலில் மரத்துப்போதலோ வலுவிழப்போ உள்ள முதுகுவலிக்காரர்கள் ஆகியோரும் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ முதலில் கலந்தாலோசிக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பயிற்சியை நம்பி நிறுத்தக் கூடாது.

தொடர்ச்சியின் பயன்

எந்தப் பயிற்சி என்பதைவிட எவ்வளவு காலம் தொடர்கிறது என்பது முக்கியம். இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். ஏறத்தாழ மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவு ஒழுங்கும் நாள்தோறும் அரைமணி நேர நடை போன்ற உழைப்பும் மேற்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். அங்கே பயன் தந்தது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த எளிய பழக்கம்.

பைலேட்ஸிலும் அதுவே நடக்கிறது. முதல் சில வாரங்களில் கிடைப்பது பெரும்பாலும் தசைகளை இயக்கும் நரம்புகளின் ஒழுங்கு. தசை வலுப்பெறச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்த நேரமே ஆனாலும், ஆண்டு முழுதும் செய்வதே பயனுள்ளது. பெரிய கட்டணத்தில் மூன்று மாதம் சேர்ந்து விட்டுவிடுவதைவிட, முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் ஒரு பாயில் தொடர்வது மேல்.

தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கப்பட்டபோது நோயாளி தன் வீட்டையும் வேலையையும் விட்டுச் சிகிச்சை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. சென்னை ஆய்வு மருந்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பயிற்சிக்கும் உரிய இடம் வீடுதான்.